பாட்டு முதலா, படம் முதலா? அனிமேஷனைத் தாளத்தோடு இணைக்க நான்கு வழிகள்

பாட்டின் வேகம் 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 பீட் (தட்டு). படம் வினாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று வகுத்துப் பார்த்தால் 11.25 வருகிறது. கால் ஃப்ரேம் என்று ஒன்று கிடையாது. சரி, 11 என்று வைத்துக்கொள்ளலாம் என முதல் சுற்றைச் செய்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். பதினாறாவது பீட்டில் படம் 4 ஃப்ரேம் முந்திவிடும். அறுபத்து நான்காவது பீட்டில் வித்தியாசம் 16 ஃப்ரேம், அதாவது ஒரு முழு பீட்டுக்கும் மேல்.

அனிமேஷன் செய்யத் தொடங்கும் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பாட்டை முதலில் முடித்துவிட்டு அதற்கு வரைவதா, வரைந்துவிட்டு இசை போடச் சொல்வதா, இரண்டையும் ஒரே கணக்கில் திட்டமிடுவதா, இல்லை நிரல் எழுதி அதனிடம் விட்டுவிடுவதா? நான்குக்கும் தனித்தனி இடம் உண்டு. ஆனால் தேர்வு செய்வதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

## முதலில் கேட்க வேண்டியவை

எது இனி மாறாது? இதுதான் தலையாய கேள்வி. பாடல் பதிவாகி வெளியாகிவிட்டதென்றால் அது மாறாது. படம் எடிட்டாகி நீளம் முடிவாகிவிட்டதென்றால் அது மாறாது. இரண்டுமே இன்னும் பிறக்கவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எது வளைந்து கொடுக்கும் என்று தெரியாமல் கருவியையும் மென்பொருளையும் பற்றி யோசிப்பது வீண்.

எவ்வளவு நெருக்கமாகப் பொருந்த வேண்டும்? பின்னணியில் மேகம் நகர்வதற்கும், மத்தளத்தில் கை விழுவதற்கும் ஒரே துல்லியம் தேவையில்லை. ஒலிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையான பி.டி.1359, ஒலி படத்தைவிடச் சுமார் 45 மில்லிவினாடி முந்தினாலே கவனிக்கத் தெரியும் என்றும், பிந்தினால் 125 மில்லிவினாடி வரை தெரியாது என்றும் சொல்கிறது. 24 ஃப்ரேம் படத்தில் ஒரு ஃப்ரேம் 41.7 மில்லிவினாடி. ஆகவே ஒலி ஒரு ஃப்ரேமுக்குச் சற்று அதிகமாக முந்தினாலே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ஃப்ரேம் பிந்தினாலும் கண் மன்னித்துவிடும். அனிமேட்டர்கள் அடி விழும் படத்தை ஒலிக்கு ஓரிரு ஃப்ரேம் முன்னால் வைப்பதற்கு இதுதான் காரணம். தூரத்தில் நடப்பதைக் கண் முதலில் பார்க்கிறது, காது பிறகு கேட்கிறது. அந்தப் பழக்கம் நமக்குள் ஊறியிருக்கிறது.

தாள அமைப்பு எப்படி? நான்கு நான்காக ஓடும் பாட்டா, ஏழில் ஓடுகிறதா, நடுவில் மாறுகிறதா? டெம்போவை (வேகத்தை) சரியாகப் பிடித்துவிட்டு டைம் சிக்னேச்சரை (ஒரு சுற்றில் எத்தனை பீட் என்பதை) கோட்டைவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. ஒவ்வொரு பீட்டிலும் ஏதோ ஒன்று துள்ளும், ஆனால் சுற்றின் முதல் தட்டில் எதுவும் நடக்காது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, படம் ‘ஒட்டவில்லை’ என்று மட்டும் தோன்றும்.

எங்கே ஓடப்போகிறது? ஒரு வீடியோ கோப்பாக முடிந்துவிடும் படைப்பா, விளையாட்டு, இணையப் பக்கம், மேடைத் திரை போல ஒவ்வொரு முறையும் நேரலையாக உருவாவதா?

கடைசி நேர மாற்றம் வந்தால் யார் தலையில் விழும்? இசையமைப்பாளருக்கு ஒரு சுற்றைச் சேர்ப்பது சில மணி நேர வேலை. கையால் வரைபவருக்கு அதே சுற்று பல நாள் வேலை.

## கணக்கு: சில எண்கள் மட்டும்

24 ஃப்ரேம் படத்தில் ஒரு நிமிடத்துக்கு 1440 ஃப்ரேம். அதை பிபிஎம்மால் வகுத்தால் பீட்டுக்கான ஃப்ரேம் கிடைக்கும்.

| டெம்போ | பீட்டுக்கு | அரை பீட் | மூன்றில் ஒன்று | 4/4 சுற்று |
|---|---|---|---|---|
| 60 | 24 | 12 | 8 | 96 |
| 72 | 20 | 10 | சேராது | 80 |
| 80 | 18 | 9 | 6 | 72 |
| 90 | 16 | 8 | சேராது | 64 |
| 96 | 15 | சேராது | 5 | 60 |
| 120 | 12 | 6 | 4 | 48 |
| 144 | 10 | 5 | சேராது | 40 |
| 160 | 9 | சேராது | 3 | 36 |

இந்த அட்டவணையில் முதல் எண்ணைவிட அடுத்த இரண்டு நெடுவரிசைகள்தான் முக்கியம். 90 பிபிஎம்மில் 16, 8, 4, 2 என்று இறங்கிக்கொண்டே போகலாம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தி வரையும் முறைக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் பீட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடை வந்தால் 16 மூன்றாகப் பிரியாது. 120 பிபிஎம் இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும், ஆனால் கால் பீட்டில் 3 ஃப்ரேம் வந்து, இரண்டிரண்டாக வரைபவரை இடறும்.

வினாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 1500ஐ வகுக்க வேண்டும்: 100, 125, 150 பிபிஎம் சுத்தமாக வரும், 120 வராது. 30 ஃப்ரேம் என்றால் 1800: 90, 100, 120, 150 எல்லாம் வரும். ‘24’ என்று மென்பொருள் காட்டுவது உண்மையில் 23.976ஆக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு வித்தியாசம் மூன்று நிமிடப் பாட்டில் நான்கு ஃப்ரேமுக்கு மேல் வளர்ந்துவிடும்.

## வழி 1: இசை முதலில், படம் பிறகு

பாடல் கையில் இருக்கிறது. அதை டைம்லைனில் வைத்து, பீட் விழும் இடங்களில் மார்க்கர் போட்டு, அவற்றுக்கு ஏற்ப வரைகிறீர்கள். 1940இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஃபான்டேசியா’ இப்படித்தான் உருவானது: இசை முன்பே பதிவானது, அனிமேஷன் அதற்குப் பணிந்தது.

பாடல் வரிகளுக்கு உதடு அசைய வேண்டுமானால், நடனம் இருந்தால், ஏற்கெனவே வெளியான பாட்டுக்குக் காட்சி செய்தால் இதைத் தவிர வேறு வழியில்லை. வாத்தியக்காரரின் மூச்சும் இழுப்பும் படத்துக்கு இலவசமாகக் கிடைக்கின்றன என்பது இதன் பெரிய வரம். ஒரு நல்ல பாடகர் ஓரிடத்தில் அரை வினாடி தாமதித்து விழும்போது, பாத்திரமும் அதே தாமதத்தோடு திரும்பினால், அந்தக் கணம் எந்தக் கணக்காலும் வராத உயிரோடு இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளும் இங்கே அதிகம். கிளிக் (வேகத்தைக் காட்டும் சீரான தட்டொலி) இல்லாமல் வாசித்த பாட்டின் டெம்போ நிலையாக இருக்காது. அப்போது ஒரு பிபிஎம் எண்ணை நம்பாமல், சுற்றுக்குச் சுற்று காதால் கேட்டு மார்க்கர் போட வேண்டும். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஓடவிட்டபடியே எம் விசையைத் தட்டலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எண் பலகையின் நட்சத்திர விசை இதே வேலையைச் செய்யும். நம் விரல் எப்போதும் ஒரே அளவில் துல்லியமாகத் தட்டாது என்பதால், போட்ட பிறகு அலைவடிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் நகர்த்திச் சரிசெய்யுங்கள். சுற்றின் முதல் தட்டுக்கு வேறு நிற மார்க்கர் போடுவது சிறிய வேலைதான், ஆனால் பின்னால் மிகவும் கைகொடுக்கும்.

தானாக டெம்போ கண்டுபிடிக்கும் கருவிகள் இரண்டு இடங்களில் வழக்கமாகத் தவறும். 70ஐ 140 என்றோ, 140ஐ 70 என்றோ சொல்லும். பாட்டு முதல் தட்டுக்கு முன்பே எடுத்திருந்தால், அந்த எடுப்பையே முதல் தட்டாக எண்ணிவிடும். இரண்டாவது தவறு மோசமானது, ஏனென்றால் எல்லா பீட்டும் சரியாக இருந்தும் எல்லாச் சுற்றும் தவறாக இருக்கும்.

டெம்போ நிலையாக இருந்து ஃப்ரேம் முழு எண்ணாக வராவிட்டால், முழுமையாக்கிய எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு பீட்டையும் ஆரம்பத்திலிருந்து கணக்கிட்டு, பிறகு முழு எண்ணாக்குங்கள். 128 பிபிஎம்மில் பீட்டுகள் 0, 11, 23, 34, 45 என்று விழும். இடைவெளி 11, 12, 11, 11. தவறு ஒருபோதும் அரை ஃப்ரேமைத் தாண்டாது, பாட்டு எவ்வளவு நீளமானாலும்.

இன்னொன்று: எம்பி3 கோப்பை வைத்து வேலை செய்யாதீர்கள். குறியாக்கத்தின்போது தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேரும். பரவலாகப் பயன்படும் லேம் குறியாக்கியில், இயக்கும்போது சேர்வதையும் கூட்டினால் சுமார் 25 மில்லிவினாடி. சில மென்பொருள்கள் அதை வெட்டிவிடும், சில வெட்டாது. வேவ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். இறுதி மிக்ஸ் வந்ததும் பழைய கோப்போடு தொடக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கால் வினாடி மௌனம் கூடியிருந்தால் ஆறு ஃப்ரேம் போயிற்று.

## வழி 2: படம் முதலில், இசை பிறகு

கதையும் நடிப்பும் முதன்மையான படங்களுக்கு இதுவே சரி. ஒரு பாத்திரம் தயங்கி, யோசித்து, திரும்பிப் பார்க்கும் நேரத்தை மெட்ரோனோம் தீர்மானிக்கக் கூடாது. அனிமேட்டர் நடிப்புக்கு ஏற்ற நேரத்தைக் கொடுக்கிறார், இசையமைப்பாளர் முக்கியமான கணங்களைப் பட்டியலிட்டு அவற்றை இசையில் பிடிக்கிறார்.

இதில் டைம் சிக்னேச்சரின் பயன் அழகாக வெளிப்படும். ஒரு காட்சியில் மூன்று முக்கியக் கணங்கள் 96, 228, 360ஆம் ஃப்ரேம்களில் வருவதாக வைத்துக்கொள்வோம். 120 பிபிஎம்மில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், அவை 8, 19, 30ஆம் பீட்டுகள். மூன்றும் பீட்டில் விழுகின்றன. ஆனால் 4/4இல் எண்ணினால் முதலாவது மட்டும்தான் சுற்றின் தலையில் விழுகிறது. இரண்டாவது நான்காம் தட்டில், மூன்றாவது மூன்றாம் தட்டில். இசை வேறெங்கோ அழுத்தம் கொடுக்கும்போது பாத்திரம் கதவைத் திறக்கும். இதற்குத் தீர்வு டெம்போவில் இல்லை. கணங்களுக்கு இடையே 11 பீட்டுகள். அதை 4+4+3 என்று பிரித்து, இரண்டு 4/4 சுற்றுக்குப் பின் ஒரு 3/4 வைத்தால் மூன்று கணங்களும் சுற்றின் தலையிலேயே விழும். ஒரு பீட் குறைந்தது கேட்பவருக்குத் தடுமாற்றமாகத் தோன்றாது. காட்சியின் வேகத்தோடு சேர்ந்து ஒரு உந்தலாகவே கேட்கும்.

திரையிசைக்காரர்கள் ஃப்ரேமை எட்டாகப் பிரித்து கிளிக் கணக்கிடும் பழக்கமும் இதற்காக வந்ததுதான். பன்னிரண்டரை ஃப்ரேமுக்கு ஒரு கிளிக் என்றால் 115.2 பிபிஎம். இப்படி நுணுக்கமாக நகர்த்தினால் தொலைவில் இருக்கும் கணத்தையும் பீட்டில் கொண்டுவந்து நிறுத்தலாம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, படம் ‘முடிந்துவிட்டது’ என்ற வார்த்தை. இசை எழுதிய பிறகு எட்டு ஃப்ரேம் வெட்டினால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாக் கணங்களும் நகரும். எடிட்டை உண்மையிலேயே பூட்டிய பிறகுதான் இசையமைப்பாளரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு ஒலி போடும் ஆசையையும் அடக்க வேண்டும். எல்லா அடியையும் இசை பிடித்தால் முக்கியமான அடி எது என்று தெரியாமல் போகும். என் கணிப்பில் அரை நிமிடக் காட்சிக்கு இரண்டு மூன்று கணங்கள் போதும்.

துள்ளலான நடனக் காட்சிக்கு இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒழுங்கில்லாத அசைவுக்கு ஒழுங்கான தாளத்தைப் பின்னால் பூட்டும் பாடு பெரிது.

## வழி 3: இரண்டுக்கும் ஒரே கட்டம்

இசையும் படமும் இன்னும் உருவாகவில்லை என்றால், தயங்காமல் இதை எடுங்கள். முதலில் பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று முடிவு செய்து, அதிலிருந்து டெம்போவைப் பெறுவது. 12 ஃப்ரேம் என்றால் 120, 16 என்றால் 90. இசையமைப்பாளர் அந்த கிளிக்கில் எழுதுகிறார், நீங்கள் அதே கட்டத்தில் வரைகிறீர்கள். இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம்.

ஒலிப்படத்தின் தொடக்கத்திலேயே வந்த முறை இது. 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் வில்லி’க்காக டிஸ்னி நிறுவனத்தில் வில்ஃப்ரட் ஜாக்ஸன் மெட்ரோனோமை வைத்துப் படச்சுருளின் வேகத்துக்கும் இசையின் வேகத்துக்கும் கணக்குப் போட்டார். தாளச் சுற்றுகளைக் கட்டங்களாக வரைந்து, எந்தச் சுற்றில் எந்த அசைவு என்று எழுதிவைத்து வேலை செய்தார்கள். இன்றும் ஒரு காகிதத்தில் அப்படி எழுதிப் பார்ப்பது எந்த மென்பொருளையும்விடத் தெளிவைத் தரும்.

கடினமான தாளங்களில் இந்த வழி தன் வலிமையைக் காட்டும். எட்டில் ஒரு பங்கு சுரத்துக்கு 6 ஃப்ரேம் என்று வைத்தால் 7/8 சுற்று 42 ஃப்ரேம். அதை 3+2+2 என்று பிரித்தால் 18, 12, 12. மிஸ்ர சாபு தெரிந்தவருக்கு இந்த வடிவம் கையிலேயே இருக்கும். இப்போது வழக்கமான நடையை, ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம், இரண்டடிக்கு 24 என்று வைத்தால், அது 42க்குள் அடங்காது. 168ஆவது ஃப்ரேமில்தான், அதாவது நான்கு தாளச் சுற்றும் ஏழு நடைச் சுற்றும் முடிந்த பிறகுதான், இரண்டும் மறுபடி சந்திக்கும்.

இதை இரண்டு விதமாகக் கையாளலாம். சந்திக்கும் வரை குறுக்கே ஓடவிட்டு, சந்திக்கும் இடத்தில் காட்சியை மாற்றலாம். அல்லது நடையையே தாளத்துக்கு மாற்றி, ஒரு காலுக்கு 18, மறு காலுக்கு 24 கொடுக்கலாம். ஒரு கால் இழுத்து நடக்கும் அந்தச் சாயல் ஏழின் குணத்தை அப்படியே உடலில் காட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தாளத்தைப் பார்வையாளர் எண்ண மாட்டார், உடலில் உணர்வார்.

3/4க்கும் 6/8க்கும் உள்ள வேறுபாடும் இங்கே கண்ணுக்குத் தெரியும். அதே 6 ஃப்ரேம் கணக்கில் இரண்டுமே 36 ஃப்ரேம்தான். ஆனால் 3/4இல் 12, 12, 12 என்று மூன்று அசைவு. 6/8இல் 18, 18 என்று இரண்டு ஊசலாட்டம். நீளம் ஒன்றென்று ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் ஒட்டினால் படம் பாட்டோடு சண்டை போடும்.

இந்த வழியின் விலை என்ன? கட்டம் வசதியாக இருப்பதால் எல்லாமே கட்டத்தில் விழத் தொடங்கும், படம் இயந்திரத்தனமாக ஆகும். முதன்மை அசைவைத் தட்டில் வைத்துவிட்டு, முடி, துணி, கை போன்ற பின்தொடரும் அசைவுகளை இரண்டு மூன்று ஃப்ரேம் பிந்த விடுங்கள். இன்னொரு விலை, டெம்போத் தேர்வு சுருங்குவது. 120க்கும் 144க்கும் இடையே முழு எண்ணாக வருவது 11 ஃப்ரேம் மட்டும்தான், அது 130.9 பிபிஎம். இசையமைப்பாளருக்கு 128தான் வேண்டுமென்றால் 130.9க்கு நகரச் சம்மதமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார், பாட்டு பாடகரின் வேகத்தைப் பொறுத்திருந்தால் மறுப்பார். மறுத்தால் வழி 1இல் சொன்ன முழு எண்ணாக்கும் முறையே போதும்.

## வழி 4: நிரலிடம் விடுவது

விளையாட்டு, இணையப் பக்கம், மேடைத் திரை ஆகியவற்றுக்கு. நீளம் முன்கூட்டியே தெரியாது, பயனர் இடையில் நிறுத்துவார், கருவியின் வேகம் மாறும்.

அடிப்படை விதி ஒன்றுதான்: ஒலியின் கடிகாரத்தைக் கேளுங்கள். ‘ஒவ்வொரு 500 மில்லிவினாடிக்கும் துள்ளு’ என்று டைமர் வைத்தால் சில சுற்றுகளிலேயே விலகும். பாட்டு இப்போது எந்த வினாடியில் இருக்கிறது என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேட்டு, அதை பிபிஎம்மால் பெருக்கி 60ஆல் வகுத்தால் எத்தனையாவது பீட் என்று கிடைக்கும். அதன் பின்னப் பகுதி பீட்டுக்குள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும், முழுப் பகுதியை நான்கால் வகுத்த மீதி சுற்றில் எத்தனையாவது தட்டு என்று சொல்லும். சில ஃப்ரேம்கள் தவறிப்போனாலும் அடுத்த ஃப்ரேம் தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும்.

டெம்போ மாறும் பாட்டில் இந்தச் சூத்திரம் அப்படியே உதவாது. முதல் நிமிடம் 120, பிறகு 90 என்றால், மாறும் கணத்தில் 120 பீட்டுகள் முடிந்திருக்கும். புதிய எண்ணை வைத்துப் பெருக்கினால் 90 என்று வந்து, படம் முப்பது பீட் பின்னால் குதிக்கும். ஒவ்வொரு பகுதியின் தொடக்க வினாடி, தொடக்க பீட், டெம்போ, தாள அமைப்பு ஆகியவற்றை ஒரு பட்டியலாக வைத்து, அந்தப் பகுதிக்குள் மட்டும் கணக்கிட வேண்டும்.

ப்ளூடூத் ஒலிப்பான்களில் ஒலி பிந்தி வருவது இந்த வழியின் தீராத தொல்லை. பயனரே தட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ள ஓர் அமைப்பைக் கொடுங்கள்.

ஒலியின் அளவை வைத்து அசைக்கும் முறையும் இதன் உறவுதான். பிளெண்டரிலும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் ஒலியைக் கீஃப்ரேமாக (அசைவின் அளவைக் குறிக்கும் புள்ளிகளாக) மாற்றும் வசதி இருக்கிறது. ஒளிர்வு, அதிர்வு, பின்னணி வடிவங்களுக்கு நல்லது. பாத்திர அசைவுக்கு வேண்டாம். குதிப்பதற்கு முன் குனிய வேண்டும், அந்தக் குனிவு ஒலிக்கு ஆறேழு ஃப்ரேம் முன்பே தொடங்க வேண்டும். ஒலி வந்த பிறகு எதிர்வினை செய்யும் முறைக்கு வரப்போகும் அடி தெரியாது. அதற்குச் சுற்றும் தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும்.

## கலந்து செய்ய வேண்டிய சூழல்கள்

தனியாக ஒரு சிறு படம் செய்பவர், இசை வாங்கப் போகிறார் என்றால்: டெம்போ எண் தெரிந்த, நிலையான வேகமுள்ள இசையைத் தேடுங்கள். கிடைத்ததும் வழி 1, ஆனால் வழி 3இன் கட்டத்தாளோடு.

கதைப்படத்தின் நடுவே ஒரு நடனக் காட்சி இருந்தால்: நடனத்துக்கு வழி 3, மற்றதற்கு வழி 2. இரண்டும் இணையும் இடத்தில் ஒன்றிரண்டு வினாடி தாளமில்லாத இசையை விட்டுவையுங்கள், நகர்த்த இடம் கிடைக்கும்.

விளையாட்டில் முன்பே வரைந்த அசைவுகள் இருந்தால்: அவற்றை ஒரு சுற்று நீளத்துக்கு வழி 3இன்படி வரைந்து, வழி 4இன் பின்ன எண்ணால் ஓட்டுங்கள். டெம்போ மாறினால் அசைவும் கூடவே மாறும்.

எந்த வழியானாலும், முழுவதும் வரைவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சுற்றின் முதல் தட்டில் பெரிய வெள்ளைக் கட்டம், மற்றத் தட்டுகளில் சிறிய கட்டம், அவ்வளவுதான் படம். அதைப் பாட்டின் முழு நீளத்துக்கும் ரெண்டர் செய்து, எடிட்டிங் மென்பொருளுக்கு வெளியே, இறுதியில் ஓடப்போகும் கருவியிலேயே பாருங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசி நிமிடத்தில் விலகினால் ஃப்ரேம் வேகமோ டெம்போவோ தவறு. தொடக்கத்திலிருந்தே ஒரே அளவில் விலகியிருந்தால் ஒலிக்கோப்பின் தொடக்க வெற்றிடத்தைப் பாருங்கள். பெரிய கட்டம் மட்டும் பாட்டின் அழுத்தத்தோடு சேராமல் தனியே விழுந்தால், சுற்றின் தலையை வேறிடத்தில் எண்ணியிருக்கிறீர்கள்.